முகத்தோடு எடுத்த ஒரே படம்

ரோகிணிக்கு பஸ்ஸில் ஜன்னலோர இடம்தான் வேண்டும். காற்றுக்காக இல்லை, சுவர்களுக்காக. செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டராக இருந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடும் வேலை. "நாள் முழுக்கக் காதாலேயே குடித்தனம் நடத்துறேன். கண்ணுக்கும் ஏதாவது வேணாமா?" என்பாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு கல்யாணத்துக்காக மதுராந்தகம் போகும்போது படாளத்தில் பஸ் பஞ்சராகி நின்றது. இறங்கி நின்றவளின் எதிரில் ஒரு நீளமான சுவர். பம்புசெட் விளம்பரம் ஒன்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு விவசாயி வாயெல்லாம் பல்லாக நின்றான். யாரோ ஒரு குறும்புக்காரர் அவனுக்குப் பின்னால் அடுப்புக்கரியால் ஒரு பெண்டாட்டியை வரைந்துவிட்டிருந்தார். இடுப்பில் கஞ்சிக் கலயம், கண்ணில் நெருப்பு. "மோட்டார் வாங்கினது போதும், வட்டி யார் கட்டுறது" என்று கேட்பதுபோல ஒரு நிற்பு. ரோகிணி நடு ரோட்டில் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த மாதம் அதே வழியில் போனபோது கட்சி மாநாட்டுக்காக அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு வேலையே ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். கோபாலகிருஷ்ணன் திருச்சிப் பக்கத்துக்காரன். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பர்மா பஜாரிலிருந்து பழைய யாஷிகா கேமரா ஒன்றை வாங்கி வந்து அவள் மடியில் வைத்தான்.

"அழிஞ்சு போயிடும்னு தெரியுது இல்ல? அதுக்குள்ள புடிச்சு வெச்சுக்க."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் சுவர்களுக்கென்று ஆயின. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தைச் செங்கல் துண்டாலேயே எவரோ வரைந்திருந்தார்கள். எல்லோருக்கும் தலை இருக்கும் இடத்தில் விரித்த பேப்பர். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் ஒரு கறிக்கடைச் சுவரில் ஆடே கைகூப்பி "வாங்க வாங்க" என்று வாடிக்கையாளரை அழைத்தது. லீவு விட்டால் பாண்டிச்சேரி, திருவண்ணாமலை என்று இன்னும் கொஞ்சம் தூரம். எங்கே போனாலும் கோபாலகிருஷ்ணன் கூட வந்தான். வெயில் லென்ஸில் அடிக்காமல் குடை பிடித்தான். "எங்க வூட்டுச் சொவத்த எதுக்கு போட்டோ புடிக்கிறீங்க? முனிசிபாலிட்டியா?" என்று சண்டைக்கு வருபவர்களிடம், "இல்லீங்க, என் சம்சாரத்துக்குச் சுவர்னா உசுரு" என்று சமாதானம் சொன்னான். மகள் மேக்னா கொஞ்சம் வளர்ந்ததும் ஆல்பம் அடுக்குவது அவள் வேலையானது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நெகட்டிவைச் சின்ன உறையில் போட்டு, ஊர் பெயரைத் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதிவைப்பாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் இவர்களைச் சுவர்க் குடும்பம் என்று கேலி செய்தார்கள். ரோகிணிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

மாமல்லபுரத்துக்கு உலகமே சிற்பங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. ரோகிணி அவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மீனவர் குடியிருப்புப் பக்கம் திரும்பிவிடுவாள். அங்கே படகுகளின் மூக்கில் எழுதியிருக்கும் பெயர்களும் மீன்களும் கண்களும் அவளுக்கு அலுக்கவே இல்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் அங்கே கடலோரத்தில் ஒரு சொகுசு விடுதி வந்தது. ஆளுயரத்துக்கும் மேலே மதில் எழுப்பினார்கள். குப்பத்து ஜனங்கள் காலங்காலமாகக் கடலுக்கு நடந்துபோன பாதை அந்த மதிலுக்குள் போய்விட்டது. வலையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. மனு கொடுத்துப் பார்த்தார்கள், நேரில் போய்ப் பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் விடிந்தபோது மதிலில் ஒரு விலாங்கு இருந்தது.

கழுத்தில் டை கட்டிய விலாங்கு. அதன் நாக்குதான் பழைய பாதை. அந்த நாக்கின்மேல் வலையும் துடுப்புமாக மனிதர்கள் வரிசையாக உள்ளே நடந்துபோனார்கள். கடைசியில் வந்த ஒரு கூடைக்காரி மட்டும் நின்று திரும்பிப் பார்த்தாள். படகுக்கு அடிக்கும் நீலம், மஞ்சள், சிவப்பு பெயின்ட்தான். ரோகிணி அதன் எதிரில் நெடுநேரம் நின்றாள். விடுதிக்காரர்கள் வெள்ளையடித்தார்கள். அடுத்த மாதம் வாட்ச்மேன் தொப்பி போட்ட நண்டு ஒன்று வந்தது. அது வெள்ளைக்கார மீன்களுக்கு மட்டும் சல்யூட் அடித்தது. அதையும் அழித்தார்கள். வரைவது யாரென்று குப்பத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. மீன் விற்றுக்கொண்டிருந்த வேண்டா என்ற பெண்மணியிடம் ரோகிணி கேட்டபோது, "யாருக்குத் தெரியும்? கடலே வந்து வரைஞ்சிட்டுப் போவுதோ இன்னாவோ" என்று சிரித்துவிட்டு வஞ்சிரத்தைத் துண்டு போட்டாள்.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபாலகிருஷ்ணனுக்குக் காய்ச்சல். ரோகிணி தனியாக முதல் பஸ் பிடித்துப் போனாள். வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. மதிலருகே ஒருவர் பிரஷ்ஷும் கையுமாக நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், கருத்துக் கட்டுமஸ்தான உடம்பு. மதில் முழுக்க ஒரு பெண். கடலே பெண்ணாகி, மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கூந்தல் முழுக்க அலை. அந்த முகத்தையும் மூக்குத்தியையும் எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ரோகிணிக்குத் தோன்றியது. வேண்டாவின் முகம்.

காலடிச் சத்தத்தில் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரு? போட்டா எட்த்துட்டியா?"

"இன்னும் இல்லண்ணா. எடுக்கலாமா?"

"நீதானா? அப்பப்ப வந்து சொவத்த எட்த்துகினு போவியே." கொஞ்சம் ஆறுதலானார். "சொவத்த எட்த்துக்கோ. என்னிய வாணாம்."

அவர் விலகி நின்றார். ரோகிணி படம் எடுத்துவிட்டு, தலையாட்டி விடைபெற்றுத் திரும்பினாள். சில அடி போயிருப்பாள்.

"யம்மா, நில்லு."

நின்றாள். அவர் கையில் இருந்த பெயின்ட்டை லுங்கியில் துடைத்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கம் தெரிந்தது.

"இத்தயும் நாளைக்கு அய்ச்சிருவானுங்க. நான்தான் வரைஞ்சன்னு சொன்னா எவன் நம்புவான்? எம் பொண்டாட்டிக்கே தெரியாது. ஒன்னே ஒன்னு, என்னியும் சேத்து எடேன். ஆனா அது வெளில மட்டும் போவக்கூடாது."

"போகாதுண்ணா. என் வீட்டுலதான் இருக்கும். என்னை நம்பலாம்."

"நம்பித்தான நிக்கிறேன்" என்றார்.

விரல்களாலேயே தலையை வாரிக்கொண்டு, கடல்பெண்ணின் மூக்குத்திக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். சின்னையன் என்று பெயர் சொன்னார்.

படம் கழுவி வந்ததும் ரோகிணி அதைக் கணவனிடம் மட்டும் காட்டினாள். "இது வெளில தெரியக்கூடாதுங்க, வாக்கு குடுத்திருக்கேன்" என்றாள். கோபாலகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். "நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்? ஆனா ஒண்ணு, நீ எடுத்ததிலேயே இதுதான் படம்." பத்து வருஷமாக ஒன்றாகச் சுற்றியவன் அப்படிச் சொன்னபோது அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. ஆல்பத்தில் செருகும்போது மேக்னாவும் எட்டிப் பார்த்தாள். "மூஞ்சியெல்லாம் எடுக்கமாட்டியேம்மா?" என்றாள். "அவரே கேட்டாரு. யாருக்கும் காட்டாதே" என்று ரோகிணி சொல்லிவைத்தாள்.

மேக்னா அப்போது ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ முடித்து இரண்டு வருஷமாக வேலைக்கு அலைந்துகொண்டிருந்தாள். போகும் இடத்திலெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் கோபாலகிருஷ்ணன் மைசூர்பாகு பொட்டலத்தோடு வந்தான். மாமல்லபுரத்து விடுதியில் ரிசப்ஷனில் வேலை, மேக்னாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அந்த மதில் கட்டின விடுதியா?" என்றாள் ரோகிணி.

"வேலை வேலைதானே? எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அங்க ஆள் பழக்கம்."

ரோகிணிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் விடுதியில் கொடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற மகளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அதில் திரும்பியிருந்தது.

அடுத்த ஞாயிறு சின்னையனுக்குக் கொடுக்க என்று ஸ்டூடியோவில் முன்னமே போட்டுவைத்திருந்த பெரிய பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனாள். கோபாலகிருஷ்ணன் தலைவலி என்று வரவில்லை. குப்பத்துக்குள் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்தது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வேண்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

"வந்துட்டியா? இன்னும் இன்னா பாக்க வந்த? எம் புருசன புட்ச்சிகினு போய்ட்டாங்க, தெரியுமா உனுக்கு?"

"யாரை? சின்னையன் உங்க..."

"ஆமா. எம் புருசன்தான். அந்த ஆளு சொவத்துல வரையிற விசயமே எனுக்கு நேத்துதான் தெரியும். விடுதிக்காரன் கம்ப்ளெய்ன்ட் குட்த்தானாம். போலீசு ஒரு போட்டாவ நீட்டி, இவன் எங்கன்னு கேக்குது. சொவத்துல என் மூஞ்சி, பக்கத்துல அவரு மூஞ்சி. அந்த போட்டாவ நீதான எட்த்த?"

"நான்தான் எடுத்தேன். ஆனா நான் யாருக்கும் குடுக்கல. சத்தியமா குடுக்கலம்மா."

"அப்ப அது காலு மொளச்சு நடந்து போச்சா?"

ரோகிணி பையைத் திறந்து அந்தப் பெரிய பிரதியை நீட்டினாள். "இதை அவருக்குக் குடுக்கத்தான் வந்தேன்." அப்போதைய கலவரத்தில் அவளுக்கு அதுதான் தோன்றியது. வேண்டா அதை வாங்கிப் பார்த்தாள். இரண்டாய், நான்காய், எட்டாய்க் கிழித்து மணலில் போட்டாள்.

"மொதல்ல இங்கேந்து போயிடு."

வீட்டுக்கு வரும்வரை ரோகிணி யோசிக்கவே பயந்தாள். வந்ததும் நேராக அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தாள். அந்த இடம் காலியாக இருந்தது. படமும் இல்லை, உறையில் நெகட்டிவும் இல்லை. கூடத்தில் கோபாலகிருஷ்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். ஆல்பத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் விரித்து வைத்தாள். அவன் டிவியை அணைத்தான்.

"தெரிஞ்சுபோச்சா?"

ரோகிணி ஆல்பத்தை மூடினாள். இல்லை, எனக்குத் தெரியாது, திருடு போயிருக்கும் என்று ஏதாவது சொல்வான் என்று அதுவரை உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க மனசு வந்துச்சு?"

"ரோகிணி, உக்காரு. அந்த விடுதி மேனேஜரைப் பார்க்கப் போயிருந்தேன். மேக்னாவுக்கு இடம் இல்லைன்னுட்டாரு. பேச்சோட பேச்சா அந்தச் சுவர் விஷயம் வந்துச்சு. முதலாளி இவரைப் போட்டுத் துளைக்கிறாராம், வரையறவனைக் கண்டுபுடிக்க முடியலையேன்னு. எனக்குத் தெரியும்னு வாய் தவறி வந்துடுச்சு. அப்புறம் அவரு விடல."

"வாய் தவறி வந்தது பேச்சு. படத்தை வாய் தவறியா எடுத்துட்டுப் போனீங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்பே. அதான் கேக்கல." அவன் குரலில் கோபம்கூட இல்லை. கணக்குச் சரியாக வருவதை எடுத்துக்காட்டுவதுபோல இருந்தது. "அவன் நமக்கு யாரு? ரெண்டு நாள் உள்ள வெச்சுட்டு விட்டுடுவாங்க. நம்ம பொண்ணு வாழ்க்கை முழுக்க வீட்டுல உக்காந்திருக்கணுமா?"

ரோகிணி அழவில்லை. பத்து வருஷமாகப் பக்கத்தில் நின்றவனுக்குத் தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியவே தெரியாதா, அல்லது தெரிந்தேதான் செய்தானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் விளங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். படம் என்னுடையது, என் சம்மதம் இல்லாமல் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றாள். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? சுவத்துல வரைஞ்சது அவன்தானே?" என்று கேட்டார்கள். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் விடுதிக்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். பதிலுக்கு, சின்னையனே தன் கையால் அந்த மதிலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், எல்லோரும் பார்க்க.

பட்டப்பகலில் அது நடந்தது. புகாருக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று அந்தக் கடல்பெண்ணை மட்டும் விடுதிக்காரர்கள் அதுவரை அழிக்காமல் விட்டிருந்தார்கள். விடுதி ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் என்னவென்று புரியாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குப்பத்துக்காரர்கள் தள்ளி நின்றார்கள், வேண்டா வரவில்லை. சின்னையன் நார் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் தோய்த்து அலைகளிலிருந்து ஆரம்பித்தார். கூந்தல் போயிற்று, கை போயிற்று. முகத்துக்கு வந்தபோது மட்டை ஒரு நொடி நின்றது. ரோகிணி கேமரா கொண்டுவந்திருக்கவில்லை. வெறுங்கையோடு கூட்டத்தைக் கடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"நான் நிக்கிற அந்த பிலிம் இன்னும் உங்கிட்ட கீதா?"

"இல்லண்ணா. அதையும் சேத்து எடுத்துக் குடுத்துட்டாங்க."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அவர் தலையாட்டினார். ஏதோ தூரத்து ஊர்ச் செய்தியைக் கேட்டதுபோல இருந்தது. "அப்ப ஒன்னுமே இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மூக்குத்தியின் மேல் மட்டையை வைத்து இழுத்தார்.

அந்த நெகட்டிவையாவது மீட்டுவிட வேண்டும் என்று ரோகிணி தீர்மானித்தாள். அங்கிருந்து நேரே விடுதியின் வாசலுக்குப் போய் மகளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேக்னா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தாள். "அம்மா, இங்கெல்லாம் வரக்கூடாதும்மா, பாத்தா திட்டுவாங்க."

"உங்கப்பா பண்ணின வேலை உனக்குத் தெரியாது. அந்தச் சுவர்ப் படத்தோட நெகட்டிவை இங்க குடுத்திருக்காரு. மேனேஜர்கிட்ட எப்படியாவது கேட்டு வாங்கிக் குடு. அவர்தான் வரைஞ்சாருன்னு காட்ட அந்த மனுஷனுக்கு வேற எதுவுமே இல்ல."

மேக்னா தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே ரோகிணிக்குப் புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்த முகமல்லவா.

"நீயா?"

"அப்பாவுக்கு எந்த ஆல்பம்னு தெரியலம்மா. நெகட்டிவ் எதுல இருக்குன்னும் தெரியல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்." நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இருந்தது, ஆனால் குரல் தணியவில்லை. "நீ ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்குக் குடுத்த வாக்கைப் பத்தி யோசிக்கிறே. நான் வருஷக்கணக்கா வீட்டுல உக்காந்து செத்துக்கிட்டிருந்தேனே, அதை யாரும்மா யோசிச்சா? அவரை அடிக்கவா செஞ்சாங்க? வெள்ளைதானே அடிக்கச் சொன்னாங்க?"

ரோகிணி மகளின் தோளைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள். நெகட்டிவ் எங்கே என்று மட்டும் கேட்டாள். ஸ்டேஷனில் கொடுத்தார்கள் என்று மேக்னா சொன்னாள். ஸ்டேஷனில், விடுதிக்காரர்களே திருப்பி வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். விடுதியில் அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். அது கடைசிவரை கிடைக்கவில்லை.

ரோகிணி வீட்டைவிட்டுப் போகவில்லை. காலையில் எழுந்தாள், சமைத்தாள், வேலைக்குப் போனாள். கோபாலகிருஷ்ணனோடு பேசவும் செய்தாள். மளிகை, கரண்ட் பில், யார் வீட்டுக் கல்யாணம் என்று. அவன் ஒருநாள், "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டான். "எப்படி? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. சில ஞாயிறுகளில் சட்டை மாட்டிக்கொண்டு கூட வரத் தயாராக நின்றான். "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தனியாகக் கிளம்பினாள். மாமல்லபுரம் பக்கம் மட்டும் போகவில்லை. படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டாள். எக்ஸ்சேஞ்சில் தன் மேஜை டிராயரில் பூட்டிவைத்தாள்.

சின்னையன் அதற்குப் பிறகு சுவரில் வரையவில்லை என்று கேள்விப்பட்டாள். படகுகளுக்குப் பெயர் எழுதுவதைக்கூட வேறு ஆளுக்கு விட்டுவிட்டாராம். வேண்டாவை ஒருமுறை புதுப்பட்டினம் மார்க்கெட்டில் நேருக்கு நேர் பார்த்தாள். பேச்சுக் கொடுக்க நினைத்து அவள் கூடைக்கு முன்னால் குனிந்தாள். வேண்டா முன்பின் அறியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "எவ்ளோ வேணும்?" என்றாள். ரோகிணி அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்தாள்.

மேக்னா அந்த விடுதியிலிருந்து சென்னையில் பெரிய ஹோட்டலுக்குப் போய், அங்கேயே ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். இரண்டாயிரத்து எட்டுப் பொங்கலுக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தாள்.

"இதுக்கு ரோலே வேணாம்மா. எத்தனை வேணா எடுக்கலாம். கம்ப்யூட்டர்ல போட்டா வீட்டுல எல்லாருமா உக்காந்து பாக்கலாம்."

ரோகிணி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொத்தானை அழுத்தி, எதிரில் இருந்த கோலத்தை எடுத்தாள். சின்னத் திரையில் அது உடனே வந்து நின்றது.

"நல்லா இருக்கு" என்றாள். "எடுத்ததை இதுல அழிக்கிறது எப்படி? மொதல்ல அதைச் சொல்லிக்குடு."

மேக்னா அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பொத்தான் என்று காட்டினாள்.